மூன்று வரப்பு ஆமையின் நாட்டில்

சில சொற்கள் செவியில் விழுந்த மாத்திரத்திலேயே நாசியில் மணக்கும். ‘கஸ்தூரி’ அத்தகைய சொல். அத்தர்க் குப்பியும், பெருநாள் காலையும், புத்தாடையின் மடிப்பும் அச்சொல்லோடு சேர்ந்தே நம் நினைவுக்கு வரும். மலைநாட்டு மானின் வயிற்றருகே சுரக்கும் அந்த மணப்பொருளின் பெயரை, உலகின் மறுகோடியிலுள்ள மக்கள் ஓர் ஆமைக்குச் சூட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த ஆமையை நேரில் கண்டு, அதன் ‘கஸ்தூரி’யையும் முகர்ந்து பார்த்தபின், பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ஆமைக் குடும்பம் ஒன்று உண்டு. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட வகைகள் அதில் அடங்கும். மேலோடும் கீழோடும் இணையும் விளிம்பருகே உள்ள சுரப்பிகளிலிருந்து, பிடித்தவர் கையை உதறிவிடும்படியான நாற்றத்தை இவை வெளியிடும். ஆதலால்தான் கஸ்தூரி ஆமைகள் என்ற பெயர். இக்குடும்பத்தில் பெரும்பாலானவை நம் உள்ளங்கையில் அடங்கிவிடக் கூடியவை. ஆனால் மெக்சிகோவின் தென்பகுதியிலும் அதனை அடுத்த நாடுகளிலும் வாழும் ஒன்று மட்டும், தன் உறவினர் கூட்டத்தில் யானையைப் போல வளர்ந்து நிற்கிறது. அந்தப் பெருங்கஸ்தூரி ஆமையைப் பற்றியும், அது வாழும் நாட்டைப் பற்றியும், அதன் முன்னே நான் தலைகுனிந்து நின்ற ஒரு மாலைப் பொழுதைப் பற்றியுமே இக்கட்டுரை.

நீர் ஆளும் நாடு

என் இளைய சகோதரர் எண்ணெய்த் துறைப் பொறியாளர். மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத் தலைநகரான வியாஎர்மோசாவில் பணிபுரிகிறார். “காக்கா, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். நம் ஊர் வெயிலும் நம் ஊர் மழையும் இங்கேயும் உண்டு” என்று பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். 2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்ததும், மதரஸாவின் ஆண்டு விடுமுறையோடு மேலும் சில நாட்களைச் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அங்கே சென்று சேர்ந்தேன்.

தம்பி சொன்னதில் மிகையில்லை. விமானத்திலிருந்து இறங்கியதும் முகத்தில் அறைந்த வெக்கை நம் கத்திரி வெயிலை நினைவூட்டியது. சாலையோரங்களில் வாழையும் தென்னையும் மாமரமும் நின்றன. சாக்லேட்டுக்கு மூலமான கொக்கோ மரங்கள் நிழல் மரங்களின் கீழே வரிசை வரிசையாகக் காய்த்திருந்தன. நாடெங்கும் விளையும் கொக்கோவில் பெரும்பங்கு இம்மாநிலத்தினுடையது. உலகெங்கும் கடைகளில் கிடைக்கும் காரக் குழம்புப் புட்டியில் இம்மாநிலத்தின் பெயர் இருக்கிறதே தவிர, அது தயாராகும் இடம் அமெரிக்காவின் லூசியானா என்பதைத் தம்பி சொல்லித்தான் அறிந்தேன்.

ஆனால் அந்த நாட்டின் உண்மையான அரசு நீருடையது. கிரிஹால்வா, உசுமசிந்தா என்னும் இரு பேராறுகள் மலைகளிலிருந்து இறங்கி, இந்தச் சமவெளியில் கிளை பிரிந்தும் கலந்தும் கடலை நாடுகின்றன. மெக்சிகோ நாட்டின் ஆற்று நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்விரு ஆறுகளின் வழியே ஓடுகிறது. 2007ஆம் ஆண்டின் இறுதியில் வந்த வெள்ளத்தில் மாநிலத்தின் பெரும்பகுதி நீருள் மூழ்கிக் கிடந்ததை அங்குள்ளவர்கள் இன்றும் ஆண்டுக் கணக்குக்கு அடையாளமாகச் சொல்கிறார்கள். நீர் மிகுந்தால் அழிவு. நீர் வற்றினால் நெருப்பு. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் மனிதரும் மற்ற உயிர்களும் தம் வாழ்வை அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தொட்டியில் ஒரு முதல் சந்திப்பு

தலைநகரிலிருந்து சற்றுத் தொலைவில் நாகஹூகா என்னும் ஊர் இருக்கிறது. மாயர் இனத்தின் ஒரு கிளையான சோந்தால் மக்கள் வாழும் பகுதி அது. அங்கே மாநில அரசு ஓர் ஆமைப் பண்ணையை நடத்தி வருகிறது. வந்த மூன்றாம் நாள் தம்பி என்னை அங்கே அழைத்துச் சென்றார். நம் ஊரில் ஆமை புகுந்த வீட்டைப் பற்றி ஒரு பழமொழி உண்டல்லவா? அங்கே ஆமைகளுக்கென்றே குளம் வெட்டி, வேலி கட்டி, வேளைக்கு உணவிட்டு வளர்க்கிறார்கள்.

கன்னத்தில் சாயக்கோடு தீற்றியது போன்ற ஆமைகள் ஒரு குளத்தின் கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. இன்னொரு குளத்தில் ‘வெள்ளை ஆமை’ என்று அவர்கள் அழைக்கும் பெரிய ஆற்று ஆமைகள், புல்லையும் இலையையும் மட்டுமே தின்னும் சாதுவான பிராணிகள். இவ்வுலகிலிருந்தே மறைந்துவிடும் அபாயத்தின் விளிம்பில் நிற்பவை அவை. அவற்றையெல்லாம் கடந்து, மூலையிலிருந்த ஒரு தொட்டியின் அருகே சென்றதும் பணியாளர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். “இங்கே மட்டும் விரலை நீட்டாதீர்கள். இது குவாவோ” என்றார்.

கலங்கிய நீரின் அடியில் ஒரு கருங்கல் கிடப்பதாகவே முதலில் எண்ணினேன். அந்தக் கல் நடந்தது. நீந்தவில்லை, தரையில் நடப்பதைப் போலத் தொட்டியின் அடியில் நிதானமாக நடந்தது. முதுகில் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் வரை மூன்று மேடுகள், உழுத நிலத்தின் வரப்புகளைப் போல எழுந்து நின்றன. தலையோ அந்த உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. கரும்பழுப்பில் வெளிர்மஞ்சள் வலை பின்னியது போன்ற நிறம். தாடைக்கடியில் இரண்டு சிறு தசை முளைகள். கண்களில் அச்சமுமில்லை, நட்புமில்லை.

1828ஆம் ஆண்டில் வீக்மான் என்னும் ஜெர்மானிய விலங்கியலார் இதற்கு அறிவியல் பெயர் இட்டபோது, இந்த முதுகைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும். டிரைபோர்கேட்டஸ் என்றார். மூன்று வரப்புகளை உடையது என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். பேரினத்தின் பெயரான ஸ்டாரோடைப்பஸ் என்பதோ கிரேக்கச் சொல். சிலுவை வடிவினது என்று பொருள்படும். ஏன் சிலுவை என்று கேட்டதற்கு, பணியாளர் கையுறை அணிந்துகொண்டு, பின்புறமாகப் பற்றி அதைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார்.

அந்தக் கணத்தில்தான் மேற்சொன்ன ‘கஸ்தூரி’ காற்றில் பரவியது. அழுகிய இலையும் பழைய மீனும் கலந்தது போன்றதொரு வாடை. தம்பி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை, ஏனெனில் கண்முன் தெரிந்த காட்சி அத்தனை வியப்பாக இருந்தது. நாம் அறிந்த ஆமைகளுக்கு வயிற்றுப் பக்கம் முழுவதும் தகடு வேய்ந்தது போல ஓடு மூடியிருக்கும். இதற்கோ நடுவில் ஒரு சிறு சிலுவை வடிவத் துண்டு மட்டுமே. மற்ற இடமெல்லாம் பாதுகாப்பற்ற வெறும் தசை.

இதே குடும்பத்தின் சிறிய ஆமைகள் சிலவற்றுக்குக் கீழோட்டில் கீல் வைத்த கதவுகள் போன்ற அமைப்பு உண்டு. ஆபத்து வந்தால் தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும். குவாவோவால் அது இயலாது. அதன் கோட்டைக்கு மதில் உண்டு, கதவு இல்லை. அதனால்தான் வாயைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறது. நெருங்கினால் வாயை அகலத் திறந்து காட்டும். மேலும் நெருங்கினால், நீண்ட கழுத்தை எதிர்பாராத தொலைவுக்கு வீசிக் கடிக்கும். ஒளிந்துகொள்ள முடியாதவன் முரடனாகிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

இரவில் ஒரு வேட்டைக்காரன்

பணியாளர் பெரிய நத்தை ஒன்றை நீரில் இட்டார். சிறிது நேரம் எந்த அசைவும் இல்லை. பின்னர் அந்தக் கல் மெல்ல நகர்ந்து நத்தையின் அருகே வந்து கழுத்தை நீட்டியது. பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு நொறுங்கும் ஓசை நீருக்கு வெளியிலும் கேட்டது. ஓட்டுத் துண்டுகள் வாயோரமாக உதிர்ந்து அடியில் படிந்தன. ஆமைக்குப் பற்கள் கிடையா. ஆனால் இதன் தாடைகளின் அகன்ற விளிம்புகளும், பெரிய தலைக்குள் நிறைந்திருக்கும் தசைகளும் பற்களுக்கு வேலையே வைப்பதில்லை.

வளர்ந்த குவாவோவின் மேலோடு 35 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடும். அது ஊனுண்ணி. நத்தை, நண்டு, நீர்ப்பூச்சி, மீன், தவளை ஆகியவற்றோடு, தன் குடும்பத்தையே சேர்ந்த சிறிய ஆமைகளையும் ஓட்டோடு நொறுக்கித் தின்கிறது. கதவைச் சாத்திக்கொள்ளும் அந்தச் சின்ன உறவினர்களின் பாதுகாப்பும் இதன் தாடையின் முன்னே பயனற்றுப் போகிறது. எனினும் முழுக்க முழுக்க ஊன் மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. நீரில் உதிரும் பழங்களையும் விதைகளையும் கூட இது உண்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிடைத்ததை மறுக்காத ஏழை வீட்டுப் பிள்ளையின் இயல்பும் அதனிடம் இருக்கிறது.

பகலில் ஆற்றடியில், வேர்களுக்கு நடுவே, மரக்கட்டைகளின் மறைவில் அசையாமல் கிடக்கும். பொழுது சாய்ந்தபின் உணவு தேடி நடக்கும். மற்ற ஆமைகளைப் போல கரையேறி வெயில் காய்வது அரிது. முட்டையிடும் தேவை ஒன்றுக்காகவே பெண் ஆமை நிலத்தை நாடுகிறது. மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்திலிருந்து தபாஸ்கோ, சியாபாஸ், கம்பேச்சே வழியாகக் குவாதமாலா, பெலிஸ், ஹோண்டுராஸ் வரை இதன் நாடு விரிந்திருக்கிறது. பசிபிக் கடலோரப் பக்கத்தில் இதன் தம்பி முறையான வேறொரு வகை வாழ்கிறது. குவாதமாலாவில் இயற்கை ஆய்வு செய்த ஆங்கிலேயரான சால்வினின் பெயரை 1864ஆம் ஆண்டில் அதற்குச் சூட்டினார்கள். அதன் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டரோடு நின்றுவிடும்; குணத்தில் மட்டும் அண்ணனுக்குச் சிறிதும் குறைந்ததன்று.

காத்திருக்கத் தெரிந்த முட்டை

இத்தனை முரட்டுத்தனத்துக்கும் நடுவே ஒரு மென்மையான அதிசயம் உண்டு. அதுவே என்னை மிகவும் கவர்ந்தது.

மழைக்காலம் தணியும் மாதங்களில் பெண் குவாவோ கரையேறி, ஈரமண்ணில் சில முட்டைகளை இட்டு மூடிவிட்டு நீருக்குத் திரும்பிவிடுகிறது. மெல்லிய தோல் போன்றதன்று அந்த ஓடு. கோழி முட்டையைப் போலக் கடினமானது. உள்ளேயிருக்கும் கரு உடனே வளரத் தொடங்குவதில்லை. தொடக்க நிலையிலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்குகிறது. வாரங்கள் கழிகின்றன. பிறகு விழித்து வளர்கிறது. மார்ச், ஏப்ரல், மே மாதங்களின் கொடும் வறட்சி தலைக்குமேல் கடந்து செல்லும்வரை முட்டைகள் மண்ணுக்குள் பொறுத்திருக்கின்றன. புதுமழை மண்ணை நனைத்து, வெளியே வந்தால் நீரும் உணவும் உண்டு என்ற காலம் வரும்போதே குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவருகின்றன. நாட்காட்டியும் கடிகாரமும் இல்லாத அந்த இருட்டுக்குள் காலத்தை அளக்கும் அறிவை வைத்தவன் எவனோ, அவனைப் புகழாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு புதுமையும் உண்டு. பெரும்பாலான ஆமைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை, முட்டை புதைந்திருக்கும் மண்ணின் வெப்பமே தீர்மானிக்கிறது. நம் சோழமண்டலக் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கும் இதுவே விதி. மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் பெருகிவிடும். உலகம் வெப்பமாகி வரும் இக்காலத்தில் இது அறிஞர்களைக் கவலைக்குள்ளாக்கியிருக்கிறது. ஆனால் குவாவோ அந்த விதிக்கு உட்பட்டதன்று. மனிதரைப் போல இதற்கும் பாலினத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் உண்டு என்று 1974ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார்கள். அந்தக் குரோமோசோமும், கோழியின் பாலினக் குரோமோசோமும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று 2014ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கோழியில் இருவேறு குரோமோசோம்களைச் சுமப்பது பெட்டை. குவாவோவில் சுமப்பது ஆண். எவ்வளவு தொலைவிலுள்ள இரு உயிர்களுக்கிடையே எப்படிப்பட்ட உறவு!

ஆகவே வெப்பத்துக்கும் வறட்சிக்கும் விடை கண்ட பிராணி இது. பகைவருக்குத் தாடை, வறட்சிக்குப் பொறுமை என்று இரு ஆயுதங்களை வைத்திருக்கிறது. இவ்விரண்டாலும் வெல்ல முடியாத ஒன்றை அடுத்த நாள் கண்டேன்.

எரிந்த கோரைகளின் நடுவே

இரு பேராறுகளும் கடலை நெருங்கும் இடத்தில் சென்ட்லா சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. 1992ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மெக்சிகோ அரசு மூன்று இலட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட அந்நிலப்பரப்பை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஆறுகள் சந்திக்கும் ‘மூன்று கரங்கள்’ என்ற இடத்தின் அருகே ஒரு விசைப்படகை அமர்த்திக்கொண்டு உள்ளே சென்றோம். அகன்ற இலைகளை உடைய நீர்ச்செடிகளும், ஆளுயரச் சம்பங்கோரைகளும் அடிவானம் வரை விரிந்திருந்தன. நெடுங்கால் நாரைகள் எங்களைப் பொருட்படுத்தாமல் மீன் பிடித்துக்கொண்டிருந்தன. கரையோரச் சேற்றில் ஒரு முதலை, கட்டையைப் போலக் கிடந்தது.

ஒரு வளைவைத் திரும்பியதும் பச்சை முடிந்து கருமை தொடங்கியது. கோரைகள் எரிந்து, அடித்தண்டுகள் மட்டும் கரிக்குச்சிகளாக நின்றன. சில இடங்களில் இன்னும் புகை எழுந்துகொண்டிருந்தது. மண்ணுக்குள் மக்கிக் கிடக்கும் வேர்களில் தீ பிடித்துவிட்டால் அது நாட்கணக்கில் கனன்றுகொண்டே இருக்குமாம்.

படகோட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். மீனவர் மரபினர். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னதைத் தம்பி எனக்கு மொழிபெயர்த்தார். “இது தானாக எரிந்ததன்று. ஆமைக்காரர்கள் வைத்த தீ. நீர் வற்றும் காலத்தில் சிறிய ஆமைகள் சேற்றில் புதைந்துகொள்ளும். குவாவோ எஞ்சிய குட்டைகளில் வந்து நெருக்கும். கோரையை எரித்துவிட்டால் தேடுவது சுலபம். இரும்பு முனை வைத்த கம்பால் சேற்றைக் குத்திக்கொண்டே போவார்கள். ஓட்டில் பட்டால் ஓசை வேறு மாதிரி கேட்கும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கச் சொன்னேன்.

அவர் சிரித்தார். “என் தந்தை செய்தார். இளமையில் நானும் செய்தேன். அப்போது தீ வைக்கத் தேவையில்லை. ஓடையில் இறங்கி நடந்தால் காலிலேயே தட்டுப்படும்.”

ஏன் இந்தக் காலத்தில் மட்டும் இத்தனை தேவை என்பதையும் அவரே விளக்கினார். கிறித்தவர்களின் தவக்காலத்தில் கத்தோலிக்க மக்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்க்கிறார்கள். நீரில் வாழ்பவை மீனின் கணக்கில் சேர்வதால், இப்பகுதியில் ஆமை அந்த நாட்களின் சிறப்பு உணவாகத் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. புனித வாரத்தில் விருந்தினருக்கு ஆமைக் குழம்பு வைப்பது ஒரு கௌரவம். அந்த வாரமோ, நீர் மிகவும் வற்றியிருக்கும் மார்ச் - ஏப்ரல் மாதங்களில் வருகிறது. ஆமை எளிதில் அகப்படும் காலமும், ஆமையை மிகுதியாக நாடும் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

நான் இதைக் குறை கூறும் நோக்கத்தில் எழுதவில்லை. அம்மக்களுக்கும் ஆமைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சியாபாஸ் காட்டிலுள்ள போனாம்பாக் என்னும் இடத்தில், கி.பி. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாயர்கள் தீட்டிய சுவரோவியங்களில், இசைக்கலைஞர்கள் ஆமை ஓட்டை மான்கொம்பால் தட்டி இசைக்கும் காட்சி இருக்கிறது. பிளந்த ஆமை ஓட்டிலிருந்து சோளக் கடவுள் எழுந்து வருவதாகவும் அவர்கள் சித்திரித்தார்கள். உண்டவர்களும் அவர்களே, போற்றியவர்களும் அவர்களே. அன்று மக்கள் தொகைக்கும் ஆமைத் தொகைக்கும் இடையே ஒரு சமநிலை இருந்தது. இன்று சாலையும் பனிப்பெட்டியும் சந்தையும் வந்து அந்தச் சமநிலையைக் குலைத்துவிட்டன.

சட்டம் இல்லாமலில்லை. மெக்சிகோ 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட காக்கப்பட வேண்டிய உயிர்களின் பட்டியலில் குவாவோவும் இடம் பெற்றுள்ளது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் பனாமாவில் கூடிய உலக நாடுகள், அனுமதிச் சீட்டின்றி நாடு விட்டு நாடு விற்கக் கூடாத உயிர்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தன. ஆனால் பனாமாவில் எழுதப்பட்ட ஒரு வரி, சதுப்பு நிலத்துச் சமையலறைக்குள் நுழைய எத்தனை காலமாகும்?

முற்றத்தில் ஒரு தொட்டி

புனித வாரத்தின் புதன்கிழமை மாலை. தம்பியோடு பணிபுரியும் இளைஞர் ஒருவர் தம் கிராமத்து வீட்டுக்கு எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார். ஓலைக் கூரையிட்ட திண்ணை, ஊஞ்சல் படுக்கைகள், கோழிகள், குழந்தைகள் என்று எல்லாம் நம் ஊர்க் கிராமத்து வீட்டின் மணத்தோடு இருந்தன. எழுபது வயதைக் கடந்த பாட்டியம்மா என் இரு கைகளையும் பற்றி வரவேற்றார்.

முற்றத்தின் ஓரத்தில் துணி துவைக்கும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தது. அதைச் சுற்றிக் குழந்தைகள் குந்தியிருந்தார்கள். எட்டிப் பார்க்கும் முன்பே அந்த ‘கஸ்தூரி’ எனக்குச் செய்தி சொல்லிவிட்டது. மூன்று வரப்புகளும் நீருக்கு மேலே தெரிந்தன. தலையை உள்ளிழுத்திருந்தது. வாய் மட்டும் திறந்தே இருந்தது.

“தூரத்து நாட்டிலிருந்து வந்த அண்ணனுக்காக என் மகன் தேடிப் பிடித்து வாங்கி வந்திருக்கிறான். விலை மிகவும் ஏறிவிட்டது. மூலிகை அரைத்த பச்சைக் குழம்பு வைக்கப் போகிறேன்” என்றார் பாட்டியம்மா.

நம் கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ வழிமுறையில் ஆமை உண்ணத்தக்கதன்று. தம்பி அதைப் பணிவோடு எடுத்துச் சொன்னார். பாட்டியம்மாவின் முகம் ஒரு கணம் வாடியது. மறுகணமே, “விரதக்காரர்களுக்கு விரதத்தின் அருமை தெரியும்” என்று சொல்லிச் சிரித்து, கரி அடுப்பில் மீன் சுட ஏற்பாடு செய்தார். சுட்ட மீனும், சோள அடையும், எலுமிச்சையும், பச்சை மிளகாயும் அமுதமாக இருந்தன. விருந்தோம்பலில் அணுவளவும் குறை வைக்கவில்லை.

உண்டு முடித்துத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது பாட்டியம்மா பேசிக்கொண்டே இருந்தார். தம் சிறுவயதில் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஓடையிலேயே குவாவோ கிடைத்ததையும், அவர் தாயார் பெரிய ஆமையை மட்டும் எடுத்துக்கொண்டு சிறியதை நீரில் விட்டுவிடச் சொன்னதையும், இப்போது சந்தையில் கூட மறைவாகக் கேட்டால்தான் கிடைக்கிறது என்பதையும் சொன்னார். பிறகு, தொட்டியருகே இருந்த பேத்தியைப் பார்த்துக்கொண்டு, “இவள் தன் பிள்ளைகளுக்குப் பெயரை மட்டும்தான் சொல்வாள்” என்றார்.

அந்த வீட்டில் அந்த ஆமையை மிகவும் இழந்துகொண்டிருப்பவர் அவரே என்பது எனக்கு அப்போது புரிந்தது. அதன் சுவையை அறிந்தவர், அதன் ஓடையை அறிந்தவர், அது குறைந்து வருவதைத் தம் வாழ்நாளிலேயே கணக்கெடுத்தவர் அவர். அவரிடம் பாடம் சொல்ல நான் யார்?

ஆயினும் புறப்படும் வேளையில் என் மனம் என்னைக் குத்தியது. ‘எங்களுக்கு ஆகாது’ என்ற ஒரே சொல்லில் நான் தப்பித்துக்கொண்டேன். அந்தச் சொல் என் இலையைக் காத்தது. தொட்டியிலிருந்த உயிரைக் காக்கவில்லை. இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன், ஒரு சொல் சொல்ல வேண்டிய இடத்தில் விதியின் பின்னே ஒளிந்துகொண்டேன். கதவில்லாத அந்த ஆமை வாயைத் திறந்து வைத்திருந்தது. வாயுள்ள நான் என் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வாசலில் நின்று தம்பியிடம் சொன்னேன். “பண்ணையில் வளர்த்து, அனுமதிச் சீட்டோடு விற்கும் ஆமைகளும் உண்டென்று அன்று சொன்னார்களே, அடுத்த ஆண்டு அப்படி ஒன்றை வாங்கினால் ஓடையிலுள்ளது பிழைக்குமே என்று கேட்டுப் பாருங்கள். மரியாதையாகக் கேளுங்கள்.”

“இப்போதா, காக்கா?” என்று தயங்கினார் தம்பி. பிறகு கேட்டார்.

இளைஞர் தரையைப் பார்த்தார். பாட்டியம்மா மட்டும் பெரிதாகச் சிரித்து, “பண்ணை ஆமைக்கு ஓடை ஆமையின் சுவை வராது” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனால் பெயராவது மிஞ்சும்” என்று தாமாகவே சொல்லிக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை; அவரும் வாக்குறுதி எதுவும் தரவில்லை. தொட்டியிலிருந்த ஆமை வெள்ளிக்கிழமை குழம்பானது என்று பின்னர் தம்பி சொன்னார்.

ஊர் திரும்பி, மதரஸாவும் தொடங்கிவிட்டது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் தம்பி தொலைபேசியில் அழைத்து, “காக்கா, இங்கே மழை பிடித்துக்கொண்டது” என்றார். அந்தச் சதுப்பு நிலத்தின் எரிந்த கரைகளை நினைத்துக்கொண்டேன். தீயின் கீழே, மனிதரின் கால்களின் கீழே, மழையை எதிர்பார்த்து உறங்கிய முட்டைகளில் ஒன்றிரண்டேனும் அந்நேரம் விரிசல் விட்டிருக்கும். உள்ளங்கையில் பாதிகூட நிறையாத குஞ்சு, முதுகில் மூன்று சிறு வரப்புகளோடு நீரைத் தேடி நடந்திருக்கும். அது வளர்ந்து பெரிதாகப் பல ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளும் அதற்கு ஓர் ஓடை மிஞ்சியிருக்க வேண்டும்.